தண்ணீரில் கண்டம்

பங்கோர் தீவுக்குக் கல்விச் சுற்றுலா செல்வதென்று எங்கள் பள்ளியில் முடிவான ஆண்டு அது. 38 மாணவர்களுக்கு அனுமதிப் பாரம் கொடுத்தனுப்பினேன். 35 பாரங்கள் ஒப்பத்துடன் திரும்பி வந்தன. இரண்டு பாரங்கள் பணமில்லாத காரணத்தால் வரவில்லை. அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொண்டது. எஞ்சிய ஒன்று பாரமாக வராமல் ஆளாக வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார், வேலைக்குப் போகும் வழியில், தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளி வாயிலில் நின்றுகொண்டிருந்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. இவனுக்குப் பன்னெண்டு வயசு முடியிற வரைக்கும் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கு. பஸ்ஸுல எங்க வேணும்னாலும் கூட்டிக்கிட்டுப் போங்க. படகு மட்டும் வேணாம்.”

ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் புதியவையல்ல. நானும் வழக்கமான பதிலையே சொன்னேன். பாதுகாப்பான பயணம், சிறிது நேரம்தான், பேருந்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும், நாங்கள் ஆறு ஆசிரியர்கள் உடன் வருகிறோம் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?”

நான் சிரித்து மழுப்பினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் ஒப்பமிடவில்லை. பையன் அன்று வீட்டில் இருந்தான்.

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி நாங்கள் நகைத்தோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். “இந்தக் காலத்திலும் கண்டமா?” என்றார் ஒருவர். அன்று நகைத்தவர்களுள் நானும் ஒருவன். இப்போது அந்தத் தாயின் பக்கம் நின்று எழுதுகிறேன். சோதிடத்தின் பக்கம் நிற்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டா. அவர் கேட்ட கேள்வியின் பக்கம் நிற்கிறேன்.

நம்மவர்களிடையே கடலைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்று நான் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. ஏனெனில் நாம் கடல்கடந்து வந்தவர்களின் பிள்ளைகள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாயை விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் வங்கக் கடலில் வாந்தியும் பட்டினியுமாகக் கிடந்து பினாங்கில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் எங்கள் ஊர் முதியவர்களின் முகம் மாறும். அவர்களுக்கும் முந்திய தலைமுறையில் பலர், பினாங்கை அடுத்துள்ள ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே பெருநிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆக, நம் முன்னோர் பலர் இந்நாட்டில் முதன்முதல் கால்வைத்த மண்ணே ஒரு தீவுதான். அப்படி வந்தவர்களின் கொள்ளுப்பேரன் லுமூட்டிலிருந்து பங்கோருக்குச் சிறிது நேரம் படகில் போக அஞ்சுகிறான்.

முரணாகத் தோன்றலாம். ஆனால் அதில் வியப்பில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் நம்மவர்களை இரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. அங்கே தண்ணீர் என்றால் ஆறு, கால்வாய், அப்புறம் எங்கள் பேரா மாநிலத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகள். மேலே அமைதியாக, பச்சை நிறத்தில், அழகாகக் கிடக்கும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம். கிந்தாப் பள்ளத்தாக்கில் வளர்ந்த எவரைக் கேட்டாலும், குட்டைக்குக் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளையொன்றைப் பற்றிச் சொல்வார். அச்சத்துக்கு அது போதாதா? அதன்மேல் 2004 டிசம்பர் 26 வந்தது. அன்றைய ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். பினாங்குக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்திருந்த குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அன்றிலிருந்து “கடற்கரைக்கு” என்று எழுதிய பாரம் எதுவும் எளிதாகத் திரும்பி வருவதில்லை.

முன்பெல்லாம் பினாங்குக்குப் போவதென்றாலே பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏற வேண்டும். மகிழுந்தோடு கீழ்த்தளத்தில் ஏறி, கதவைத் திறந்துகொண்டு ஓடி, கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்தது என் தலைமுறைக்குப் பொதுவான நினைவு. 1985இல் பாலம் வந்தது. மகிழுந்துகளை ஏற்றிய பழைய படகுகளும் பின்னர் ஓய்வுபெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய படகுகள் நடந்து ஏறுவோருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உரியவை. பாலம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் என் மாணவர்களுள் பெரும்பாலோர் கடல்மேல் போனதேயில்லை. “கடலின் ஓசை எப்படியிருக்கும்?” என்று கேட்டால் தொலைக்காட்சியில் கேட்டதைச் சொல்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. எப்படிக் கூட்டிப்போனேன் என்பதுதான் கேள்வி.

பங்கோர் நம்மவர்களுக்கு ஏற்ற தீவு. கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவற்றுக்கு நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போவது அறிவுடைமையன்று. ஆண்டிறுதி விடுமுறையும் அதே காலத்தில் வந்து தொலைக்கிறது. மேற்குக் கரைக்குச் சுமத்திரா அரண்போல் நிற்பதால் மலாக்கா நீரிணையில் அவ்வளவு கொந்தளிப்பு இராது. ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் லுமூட். படகுத்துறைக்கு வெளியே கருவாடும் நெத்திலியும் விற்கும் கடைகள். போகவர இரண்டுக்கும் சேர்த்தே சீட்டு.

எங்கள் பிள்ளைகள் மஞ்சள் நிற விளையாட்டுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். நான் எண்ணினேன்: முப்பத்தேழு. படகு வந்தது. வரிசை அவ்வளவுதான், ஓர் இமைப்பொழுதில் கலைந்துவிட்டது. சன்னலோர இருக்கைக்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, படகுக்கும் துறைக்கும் இடையே ஒரு முழ அகலத்தில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்க்காமலே தாவிக் குதித்தார்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? படகின் பெயர் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு மலருக்கு வேண்டுமல்லவா.

உள்ளே குளிர்சாதன அறை. வரிசையாக இருக்கைகள். நாங்கள்தான் விடுமுறைப் பயணிகள், மற்றவர்கள் தீவுவாசிகள். இதை நான் முன்னதாக எண்ணிப் பார்க்கவில்லை. நமக்கு இன்பச் சுற்றுலாவாக இருக்கும் படகு அவர்களுக்குப் பேருந்து. ஒரு சீன மூதாட்டி முட்டை அட்டைகளைக் கயிற்றால் கட்டி மடியில் வைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பும் மலாய்க்காரர் ஒருவர், மருந்துப் பையைத் தலையணையாக்கி உறங்கினார். எங்கள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவர் இருமுறை விழித்தார். நான்தான் வெட்கப்பட்டேன்; பிள்ளைகள் படவில்லை.

வாசலோரம் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். கையில் மாணவர் பயிற்சி நூல்கள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, நம் சாதி, அதாவது ஆசிரியர் சாதி. தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டென்பது பலருக்குத் தெரியாது. அங்கே பாடம் நடத்தப் போகிறவர். பேச்சுக் கொடுத்தேன். உள்ளே இடமிருந்தும் ஏன் வாசலோரத்தில், எஞ்சின் புகை வீசும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தினமும் போறவங்க எல்லாரும் எங்க உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க சார்,” என்றார்.

பார்த்தேன். முட்டைக்காரப் பாட்டி, மருந்துப்பைக்காரர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் இருவர் என்று தீவுக்காரர்கள் எல்லாரும் வாசலை ஒட்டியே இருந்தார்கள். எங்கள் மஞ்சள் சட்டைகள் முழுவதும் படகின் மூக்குப் பக்கம், வெளியேறும் வழியிலிருந்து மிகத் தொலைவில், சன்னல்களை முத்தமிட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சன்னல்கள் திறக்கக்கூடியவையல்ல.

அந்த நேரம் பார்த்து என் மாணவி ஒருத்தி இருக்கைக்குமேல் அடுக்கியிருந்த ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகளைச் சுட்டிக்காட்டி, “சார், இதை எப்படிப் போடுறது?” என்று கேட்டாள். கேள்வி கேட்கும் பிள்ளையைப் பாராட்ட வேண்டும் என்று நானே வகுப்பில் ஓயாமல் சொல்வேன். ஒன்றை இறக்கிப் பார்த்தேன். மூன்று வார்கள் தொங்கின. எது எதோடு சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. அது பெரியவர்களுக்கான அளவு வேறு. அவள் தலைவழியே போட்டதும் முழங்காலருகே வந்து நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப மேலே வைக்கப் போனேன்.

அம்மையார் எழுந்து வந்தார். ஒரு வார் மார்பைச் சுற்றி, ஒரு வார் இடுப்பில், மற்றொன்று இரு கால்களுக்கிடையே. அந்த மூன்றாவது வாரைக் கட்டாவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவிக் கீழே போய்விடும் என்றார். “இன்னொன்று, மூடிய படகுக்குள்ளே இருக்கிறப்பவே இதைக் கட்டிக்கிட்டு உட்காராதீங்க. படகு கவிழ்ந்து உள்ளே தண்ணி வந்தா இது உங்களைக் கூரையோட சேர்த்து அமுக்கிடும், வாசலுக்கு முங்கிப் போக முடியாது. கையில எடுத்துக்கிட்டு முதல்ல வெளிய வரணும். திறந்த படகு, ஸ்பீட் போட்டுன்னா ஏறுறதுக்கு முன்னாடியே கட்டிக்கணும்.”

இருபதாண்டுக்குமேல் ஆசிரியராக இருக்கிறேன். கடல்வழிப் பயணத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த எனக்கு இது தெரியாது. உடன் வந்த மற்ற ஐந்து ஆசிரியர்களுக்கும் தெரியாது. காலைப் புறப்பாட்டுக்கு முன் நாங்கள் நடத்திய ‘பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில்’ குப்பை போடக்கூடாது, குழுவை விட்டுப் பிரியக்கூடாது, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று விதிகள் சொன்னோம். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தத் தாய்க்கு இருந்தது அச்சம். எங்களுக்கு இருந்தது துணிச்சல் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள் என்பது அந்தப் படகில்தான் எனக்கு உறைத்தது. அவர் தண்ணீரை அறியாததால் மகனை வீட்டில் வைத்துக்கொண்டார். நாங்கள் தண்ணீரை அறியாததால் முப்பத்தேழு பேரைத் திறக்காத சன்னலோரம் உட்கார வைத்தோம். இருவரில் யார் பொறுப்பாக நடந்துகொண்டவர் என்று கேட்டால், சொல்ல எனக்கு நா எழவில்லை.

தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே போனோம். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670இல் எழுப்பிய கோட்டையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஈய வணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளக் கட்டியது. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்தக் கடற்பரப்பில்தான். தீவின் மண்ணிலன்று, அருகே நங்கூரமிட்டிருந்த ‘புளூட்டோ’ என்ற ஆங்கிலேயக் கப்பலின் மேல். பாடநூலில் இரண்டு வரியில் கடந்துபோகும் செய்தி. படகிலிருந்து கடலைக் காட்டி, “இங்கேதான் ஒரு கப்பலில் உட்கார்ந்து நம் பேரா மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றினார்கள்” என்று சொன்னபோது, பின்வரிசைப் பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அதற்குப்பின் நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும், நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறியதும் அந்தக் கையெழுத்தின் நீட்சியே என்பதை விளக்க எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. அதற்குள் குளிர்பானக் கடை வந்துவிட்டது.

கடலை நோக்கி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் போனோம். மாசிமகத்தன்று ஆயிரக்கணக்கானோர் படகேறி அங்கே வருகிறார்கள். அன்று மட்டும் யாருக்கும் தண்ணீரில் கண்டம் இருப்பதில்லை; இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் கைக்குழந்தையோடு நெரிசலான படகில் ஏறுகிறவர்களும் நம்மவர்களே. 2020 ஜனவரி முதல் தீவு தீர்வையற்ற பகுதியாகிவிட்டதால் இப்போதெல்லாம் திரும்பும் படகில் மிட்டாய்ப் பைகளும் அதிகம். பைகள் எங்கே வைக்கப்படுகின்றன? நடைவழியில். நடைவழி எதற்கு? வெளியேறுவதற்கு.

மாலை திரும்பும்போதுதான் கூட்டம் என்றால் என்னவென்று கண்டோம். ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறை நிரம்பி வழிந்தது. யாரோ “இதுதான் கடைசிப் படகு” என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மையுமன்று. ஆனால் அந்த ஒரு சொல் போதும். பின்னாலிருந்து தள்ளத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் சிறு பிள்ளைகள் பெரியவர்களின் இடுப்புயரத்தில் நசுங்கினார்கள். எனக்கு 1988 ஜூலை 31 நினைவுக்கு வந்தது. அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் மேல்தளம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். பினாங்கில் சீனர்களும் கிறிஸ்துவர்களும் கொண்டாடிய இரு திருவிழாக்கள் ஒன்றுசேர்ந்து வந்த நாள். அந்த மக்கள் யாரும் கடலில் மூழ்கவில்லை. படகில் ஏறவேயில்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான். சோதிடர் அவர்களுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நான் பிள்ளைகளைக் கூட்டத்திலிருந்து பின்னுக்கு இழுத்தேன். இரண்டு படகுகளை விட்டுவிட்டோம். பேருந்து ஓட்டுநர் கைப்பேசியில் அழைத்துக் கடிந்துகொண்டார். மூன்றாவது படகில் இடம் தாராளமாக இருந்தது. வாசலோரம் உட்கார்ந்தோம். அன்று நான் செய்த உருப்படியான செயல் அது ஒன்றே என்பேன்.

இப்படி நான் எழுதுவதைப் படித்துவிட்டு, “ஐயோ, இனிப் பிள்ளைகளைத் தீவுக்கு அனுப்பவே மாட்டோம்” என்று யாரேனும் முடிவெடுத்தால் நான் எழுதியது வீண். விபத்துகளை எண்ணிப் பாருங்கள். 2007 அக்டோபரில், நோன்புப் பெருநாள் விடுமுறையின்போது, தியோமான் தீவு வழியில் பயணிகள் படகொன்று தீப்பற்றிப் பலர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் இறுதியில் பெர்ஹெந்தியான் தீவருகே இரவு நேரத்தில் சுற்றுப்பயணிகளின் படகு கவிழ்ந்து மூவர் இறந்தார்கள். அவர்களுள் இருவர் சிறுபிள்ளைகள். நம்மவர் குடும்பம். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. இவற்றில் எதுவுமே கடலின் சீற்றத்தால் மட்டும் நேர்ந்ததன்று என்பதுதான் மனத்தை அறுக்கிறது. தீ, இருட்டு, சிறு படகு, அங்கி இருக்கிறதா இல்லையா, கட்டியிருந்தோமா இல்லையா: இவையெல்லாம் ஏறுவதற்கு முன்னே ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை. கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். உணவகத்தில் “சம்பாலில் உப்பு குறைவு” என்று உரக்கச் சொல்லும் நாம், படகோட்டியிடம் “என் பிள்ளை அளவுக்கு அங்கி இருக்கிறதா?” என்று கேட்க வாய்திறப்பதில்லை. கொடுத்த பணத்துக்கு உணவகத்தில் உரிமை உண்டென்று எண்ணுகிறோம். படகில் மட்டும் ஏதோ அவர்கள் நமக்கு இரக்கப்பட்டு இடங்கொடுத்ததுபோல் ஒடுங்கி உட்கார்ந்துகொள்கிறோம்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை உண்டு, படகு நிறுவனங்கள் செய்ய வேண்டியவை உண்டு. கூடுதல் ஆட்களை ஏற்றுவதைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கட்டும். நான் ஆசிரியன், என் கையில் உள்ளதைப் பேசுகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் நீச்சல்குளத்துக்கு வழியில்லை. வகுப்பறைக் கூரை ஒழுகாமலிருந்தாலே போதும் என்றிருக்கும் பள்ளிகள் பல. ஆனால் சிங்கப்பூரில் 2010இல் ‘சுவிம்சேஃபர்’ என்ற திட்டத்தைத் தொடங்கித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, விரைவாக நீந்துவதைவிடத் தண்ணீரில் பதறாமல் மிதந்து கிடப்பதற்கும், கைகால் அசைத்துத் தலையை மேலே வைத்திருப்பதற்கும், உடையோடு விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவர்கள் தரும் இடம். நகராட்சி நீச்சல்குளம் இருக்கும் ஊர்களில் மாதம் ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டுபோகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியாதா? ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறோமே, அதில் ஒரு பங்கு போதும். என் கணக்குத் தவறாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்த்தவர் யார்?

நானும் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன், ஐம்பதை நெருங்கும் வயதில். குளத்தின் ஆழமில்லாப் பகுதியில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு காலடித்தேன். என் மனைவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அதன்பின் வரவில்லை. இப்போது மல்லாந்து மிதப்பேன். அவ்வளவே. ஆனால் மிதக்கத் தெரிந்தபிறகு படகில் உட்காரும்போது நான் பார்க்கும் பொருள்கள் மாறிவிட்டன. முன்பு கடலையும் தீவையும் பார்ப்பேன். இப்போது முதலில் வாசலைப் பார்க்கிறேன், அங்கிகளை எண்ணுகிறேன், பிறகு கடலைப் பார்க்கிறேன். முன்பைவிட நன்றாகவே தெரிகிறது.

அடுத்த ஆண்டும் பங்கோர் என்றே முடிவு செய்தோம். இம்முறை பாரம் கொடுப்பதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டினேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இரண்டு உயிர்காப்பு அங்கிகளை மேசைமேல் வைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாமலிருந்ததையும், சென்ற ஆண்டு படகில் எங்கே உட்கார்ந்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விளக்க வேண்டியதில்லை. பிறகு, விரும்புவோர் வந்து தம் பிள்ளைக்கு அங்கியைக் கட்டிப் பார்க்கலாம் என்றேன்.

தந்தையர் கைகட்டி நின்றார்கள். தாய்மார்கள்தான் வந்தார்கள். சென்ற ஆண்டு ஒப்பமிடாத அந்த அம்மாவும் வந்திருந்தார். பையனுக்கு இப்போது ஆறாம் ஆண்டு. கண்டம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவனை நிற்கவைத்து, மார்பு வார், இடுப்பு வார் இரண்டையும் நான் காட்டியதைவிட வேகமாக இறுக்கினார். மூன்றாவது வாரை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கால்களுக்கிடையே கொண்டுவந்து பூட்டினார். தோள்பட்டையைப் பிடித்து அங்கியை மேலே தூக்கிப் பார்த்தார். அது பையனின் காதுவரை ஏறியது.

“இது பெரியவங்க அளவு சார். அந்தப் படகுல சின்னது இருக்கா?”

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை மகிழுந்தை எடுத்துக்கொண்டு லுமூட்டுக்குப் போய்ச் சீட்டு விற்பவரிடம் கேட்டேன். இருக்கின்றனவாம். இருக்கைகளுக்குமேல் வைப்பதில்லை, பின்பக்கப் பெட்டியில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்றார். இதுவரை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த யாரும் கேட்டதில்லையா என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாவிடம் சொன்னேன். பாரத்தைக் கைப்பையிலேயே மடித்து வைத்திருந்தார்.